சிரிக்காத பத்தாவது கார்

அத்தியாயம் ஏழு

இறந்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லும் வழக்கம் உலகில் இல்லை. ஆயினும் இறந்தவனுடைய பழக்கம் சில வேளைகளில் சாட்சி சொல்வது உண்டு. மணவாளனுடைய பழக்கம் ஒன்றே, 1974ஆம் ஆண்டு மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நண்பகல் வெயிலில், துப்பறிவாளர் வீரராகவனைச் சோழவரத்துப் பெட்ரோல் பங்கின் தகரக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

மணவாளன் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிப்பவன். பிடித்த மீனைக் கூடையிலிட்டு, சைக்கிளில் கட்டி, பொன்னேரிச் சந்தைக்குக் கொண்டுசெல்வது அவன் தொழில். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியளவில், மெதூருக்கு அப்பால் ஏரிக்கரை மேட்டிலிருந்து சாலை கீழே இறங்கும் இடத்தில், ஏதோ ஒரு வண்டி அவனைப் பின்னாலிருந்து மோதி வீழ்த்திவிட்டு நில்லாமல் சென்றுவிட்டது. ஏறக்குறைய அதே நேரத்தில் அந்த வழியே ஐஸ் லாரி ஓட்டிச் சென்றவன் அவனுடைய மைத்துனன் சேகர். ஏரித் தொழிலை விட்டுவிட்டு லாரிக்குப் போனதற்காக, இரண்டு நாள் முன்னர்தான் ஊர் முன்னிலையில் சேகரின் கன்னத்தில் மணவாளன் அறைந்திருந்தான். ஆய்வாளர் தேசப்பனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சேகர் காவலில் இருந்தான். மறுநாள் காலை பத்து மணிக்குக் கொலைக் குற்றம் சாட்டப்பெற்று நீதிமன்றத்தில் நிற்பான்.

கணவனை இழந்து, தம்பியையும் இழக்கவிருந்த பச்சையம்மாவை வீரராகவன் அன்று காலையில்தான் கும்மிடிப்பூண்டி ஐஸ் தொழிற்கூடத்தில் சந்தித்தார். அவள் இறாலின் மேல் ஐஸ் தூளை வாரிக் கொட்டிக்கொண்டே பேசினாள். அழவில்லை. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"எங்க ஆளு லாரி சத்தம் கேட்டாலே சைக்கிள வுட்டு எறங்கி சேத்துல நிக்கிற ஆளு சார். இருவது வருசமா அப்படித்தான். சேகர் லாரி வந்தா எங்க குப்பத்துல படுத்துக்கினு இருக்கிற நாயே எழுந்து ஓடும். அந்தச் சத்தம் அவரு காதுல மட்டும் எப்படி சார் விழாம பூட்சி?"

"விழவில்லை என்றால்?"

"சத்தமே இல்லாத வண்டி ஏதோ வந்துருக்குது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்." அவள் அடுத்த கூடையை இழுத்தாள். "புருசன் பூட்டாரு. தம்பியும் பூட்டா, ஊட்டுக்குப் போயி நான் இன்னா பண்ணப்போறேன்? இங்கயே நிக்கிறேன். கை மரத்துப் பூட்டா ஒண்ணும் தெரியறதில்ல."

வேறொருவராயின் அச்சொற்களைக் கேட்டு நெஞ்சம் கலங்கியிருப்பர். வீரராகவன் கலங்கவில்லை. மனைவி அலர்மேல்மங்கை மறைந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. அதன் பிறகு அவர் கடிகாரத்தைப் பார்த்து உண்டார், கடிகாரத்தைப் பார்த்து உறங்கினார். இடைப்பட்ட பொழுதில் பிறர் வழக்குகளை ஆராய்ந்தார். பச்சையம்மா கூறியதில் ஒரு சொல் மட்டும் அவருக்குள் சென்று தங்கியது. அது 'மரத்துப்போதல்' அன்று, 'சத்தமில்லாத வண்டி'.

சத்தமில்லாத வண்டியைத் தேடிப் புறப்பட்டவருக்குத் தச்சூர் கூட்டுச்சாலையில் நுங்கு விற்கும் செங்கம்மாள் அடுத்த அடியைக் காட்டினாள். ஞாயிறு காலை ஒரு கார் நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே பொன்னேரிச் சாலையில் திரும்பியதாம். அதன் கதவில் எண் எழுதிய தாள் ஒட்டியிருந்ததாம்.

"இன்னா நம்பரு?" என்று கேட்டார் உடன் வந்திருந்த சாராள்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்? நுங்கு மேல ஏத்திடப் போறானேன்னு நான் சக்கரத்த பாத்துக்கினு இருந்தேன். வேணும்னா சக்கரம் எப்படி இருந்துச்சின்னு கேளு. ரவுண்டா இருந்துச்சி."

சாராள் வீரராகவனுடைய உதவியாளர், நாற்பத்திரண்டு வயதினர். தொலைபேசி நிலையத்தில் பதினாறு ஆண்டுகள் பிறர் பேச்சைக் கேட்டுக் களைத்து, அதன்பின் தாமே பேசுவதென்று முடிவு செய்தவர். அலுவலகத்தின் பழைய லேண்ட்மாஸ்டர் காரை ஓட்டுபவரும் அவரே.

இப்போது அந்தக் கார் சோழவரம் பங்கில் நின்று மூன்றாவது முறையாகப் பெட்ரோல் குடித்துக்கொண்டிருந்தது.

"நம்ம வண்டி பங்க்கைப் பார்த்தா தானா திரும்புது சார்," என்றார் சாராள். "சம்பள நாளன்னிக்கு எங்க வூட்டுக்காரரு சாராயக்கடைய பாத்த மாரியே."

பங்கின் உரிமையாளர் கோபால் வருந்தும் முகத்துடன் அந்தக் காரைப் பார்த்தார். அவர் 'சிக்கன மோட்டார் ஓட்டிகள் சங்க'த்தின் செயலாளர். பெட்ரோல் விலை ஏறியது முதல், யாருடைய கார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே அச்சங்கத்தாரின் உணவும் உறக்கமும் ஆகிவிட்டது. கதவில் எண் ஒட்டிய கார்கள் அவர்களுடையவை. ஞாயிறன்று அவர்களுக்குள் பந்தயம் நடந்திருந்தது.

"பதினோரு வண்டி சார். இங்கேயிருந்து எளாவூர் செக்போஸ்ட்டு, திரும்பி இங்கேயே. சரியா அறுபது கிலோமீட்டர்," என்று விளக்கினார் கோபால். "டேங்க்கை வழிய வழிய நிரப்புவோம். காத்து குமிழி நிக்கக் கூடாதுன்னு நாலு பேரு சேந்து வண்டியை ஆட்டுவோம். மூடிக்கு அரக்கு வெச்சு சீல். அஞ்சஞ்சு நிமிசத்துக்கு ஒரு வண்டி. திரும்பி வந்ததும் மறுபடி வழிய நிரப்பறது. எவ்ளோ புடிக்குதோ அவ்ளோதான் குடிச்சது. ஜாடில அளந்து ஊத்துறேன் சார், பத்து பேரு கண்ணு முன்னாடி. ஒரு சொட்டு தப்பாது."

"எடையைக் குறைக்க எதாச்சும் பண்ணுவாங்களா?" சாராள் வினவினார்.

"பண்ணாம? ஸ்டெப்னிய எறக்கிடுவாங்க, ஜாக்கிய எறக்கிடுவாங்க. ஒருத்தரு பின் சீட்டையே கழட்டிட்டாரு."

"பொண்டாட்டிய எறக்கி வுட்டவரு யாருன்னு கேட்டேன்."

கோபால் சிரிக்கலாமா என்று வீரராகவனின் முகத்தைப் பார்த்தார். அம்முகம் எவ்வித அனுமதியும் வழங்கவில்லை. ஆகவே அவர் சிரிக்காமல் தொடர்ந்தார். மேட்டிலிருந்து இறங்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிடுவது அவர்களுடைய தலையாய உத்தி.

"அப்போ சத்தம் வருமா?" என்றார் வீரராகவன்.

"காத்து சத்தம்கூட வராது சார். பூனை மாரி போவும்."

வீரராகவனும் சாராளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

"எளாவூருக்குப் போனதற்கு என்ன சான்று?"

"சீல் வெச்சதும் நானே முன்னாடி போயி செக்போஸ்ட்டாண்ட நோட்டோட உக்காந்திருந்தேன். பதினோரு நம்பருக்கும் டிக் அடிச்சிருக்குது, பாருங்க."

அடையாளங்கள் பதினொன்றும் அணிவகுத்து நின்றன. வீரராகவன் அவற்றைக் கடந்து எண்களைப் படித்தார். பெரும்பாலோர் லிட்டருக்குப் பத்துக்கும் பதினேழுக்கும் இடையில் இருந்தனர். முதலிடம், நான்காம் எண் ஃபியட்டின் ராஜமாணிக்கம்: மூன்று லிட்டர், லிட்டருக்கு இருபது கிலோமீட்டர். கடைசி இடம், பதினோராம் எண் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் ரங்கா: ஏழரை லிட்டர், லிட்டருக்கு எட்டு.

"இந்த ரங்காவின் வண்டி வழக்கமாக எவ்வளவு கொடுக்கும்?"

"பதிமூணு சார். போன மாசம்கூட பதிமூணு."

வீரராகவன் தாளின் ஓரத்தில் பென்சிலால் கணக்கிட்டார். ஏழரை லிட்டருக்குத் தொண்ணூற்றேழு கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டும். பந்தயத் தூரம் அறுபது போக முப்பத்தேழு மிச்சம். தச்சூர் கூட்டுச்சாலையிலிருந்து மணவாளன் வீழ்ந்த இடத்துக்குப் போக பதினைந்து, வர பதினைந்து.

"முப்பது. மீதி ஏழு, வண்டியைத் திருப்பிக்கினு நின்ன கணக்கு," என்று முணுமுணுத்தார் சாராள். "மாட்னாரு சார் மாப்பிள்ளை."

வெற்றிக்கு அருகில் நிற்கும் மனிதனுக்கு உடலில் ஒரு துடிப்பு உண்டாகும் என்பர். வீரராகவன் அதை எதிர்பார்த்துச் சற்று நின்றார். அது வரவில்லை. அவர் காரில் ஏறி அமர்ந்தார்.

திருவள்ளூர் கோயில் குளத்துக்குப் பின்புறத் தெருவில் ரங்காவின் வீடு இருந்தது. அவருடைய குடும்பம் தலைமுறையாகப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் கைங்கரியம் செய்வது. அவரோ மருந்துக் கம்பெனியின் விற்பனையாளர். 'ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம்' என்ற சொல்லைக் கேட்டதுமே அவருடைய முகம் வாழைப்பூவின் நிறத்தை அடைந்தது.

"லாரி நெரிசல் ஓய். கும்மிடிப்பூண்டில அரை மணி நின்னேன். அதான் பெட்ரோல் ஜாஸ்தி ஆயிடுத்து."

"அரை மணி நின்றால் மூன்று லிட்டர் போகுமா?"

"எதிர்க்காத்து வேற."

"போகும்போதா, வரும்போதா?"

"ரெண்டு தடவையும்."

"காத்தும் உங்களோட சேந்து யூ டர்ன் அடிச்சுதா சாமி?" என்றார் சாராள். அவர் அதற்குள் ஹெரால்டின் உள்ளே தலையை நுழைத்திருந்தார். "இது இன்னா சார், வண்டிக்குக் காயமா? பிளாஸ்திரி போட்டுருக்கீங்க."

இன்ஜினைக் கிளப்புகையில் கூடுதல் பெட்ரோல் விடுவதற்காக இழுக்கும் சோக் குமிழ் முழுவதும் உள்ளே அமுக்கப்பட்டு, அதன் மேல் பெருக்கல் குறியாக இரண்டு மருத்துவப் பிளாஸ்திரிகள் ஒட்டப்பட்டிருந்தன.

ரங்கா தெருவின் இருபுறமும் நோக்கினார். பிறகு காரின் கதவைச் சாத்திவிட்டு, கொலையை ஒப்புக்கொள்பவனுக்குரிய தாழ்ந்த குரலில் பேசலானார்.

"வெளில சொல்லிடாதேள். வைஜயந்தி, எங்க ஆத்துல, புளியோதரை கட்டிக் குடுத்தா. பையைக் கீழ வெக்கப்படாது, பெருமாள் பிரசாதம். அந்தக் குமிழ்ல மாட்டினேன். பை கனத்துல சோக் வெளில வந்துடுத்து. அறுபது கிலோமீட்டரும் சோக்கை இழுத்துண்டே ஓட்டியிருக்கேன் ஓய்! இறங்கிப் பையை எடுக்கறச்சேதான் பார்த்தேன். பதினஞ்சு வருஷமா கார் ஓட்டறவன். இதைச் சங்கத்துல எப்படிச் சொல்லுவேன்?"

"பொய்யாகவும் இருக்கலாமே," என்றார் வீரராகவன்.

"பொய்யா? கோபாலைக் கேளும்! எளாவூர்ல என் வண்டிப் புகையிலே அவன் இருமி, கையிலே இருந்த டீயைக் கொட்டிண்டான். வழியெல்லாம் கரும்புகை. நான் கடைசியாக் கிளம்பினவன். திரும்பி வர்றவா அத்தனை பேரும் எதிர்ல வந்து என்னைப் பார்த்துச் சிரிச்சா. ஒருத்தன் மூக்கைப் பொத்திண்டான். ஒருத்தன் 'போட் மெயில் ரயில் வருது'ன்னு கத்தினான். இன்னொருத்தன் வண்டிய நிறுத்தி, 'சாமி, இது காரா, கரும்பாலையா'ன்னான். ஒன்பது பேர் ஓய்! ஒன்பது பேரும் சொன்னது ஒரு வார்த்தை விடாம நினைவிருக்கு."

வீரராகவனின் பென்சில் தாளின் மேல் நின்றது.

"எத்தனை பேர்?"

"ஒன்பது."

"பதினோரு வண்டி. உங்களைக் கழித்தால் பத்து. நீங்கள் கடைசியாகக் கிளம்பினீர்கள். ஆகவே பத்துப் பேரும் உங்களுக்கு எதிரில் வந்திருக்க வேண்டும். சிரிக்காத பத்தாவது ஆள் யார்?"

ரங்கா விரல்களை மடக்கி எண்ணினார். பெயர்களையும், அவரவர் உதிர்த்த ஏளனத்தையும் வரிசையாக ஒப்பித்தார். ஒன்பதாவது விரலில் நின்றார்.

"ராஜமாணிக்கம். அவன் மட்டும்தான் சிரிக்கலை. மத்த நாள்ல என் வண்டியைக் கண்டாலே கொக்கரிப்பான். அன்னிக்கு ஒரு நாளாவது பெருந்தன்மையா விட்டானேன்னு நினைச்சேன். கோப்பை வாங்கறச்சே நானே முதல்ல கை தட்டினேன்."

"அவருடைய காரை எதிரில் பார்த்தீர்களா?"

"இல்லை," என்றார் ரங்கா. "பார்க்கலை. சிரிக்கலைன்னுதான் நினைச்சேனே தவிர, பார்க்கலைன்னு தோணலை."

கார் ஊர் எல்லையைக் கடந்ததும் சாராளின் பேச்சு பீறிட்டது.

"சார், கோபாலு பதினோரு டிக் அடிச்சாரே? அது எப்படி?"

"நின்று கிளம்பினால் பெட்ரோல் செலவு. ஆகையால் எளாவூரில் எந்த வண்டியும் நின்றிருக்காது. உருண்டுகொண்டே எண்ணைக் கத்திவிட்டுத் திரும்பியிருப்பார்கள். கோபால் டீ குடித்துக்கொண்டிருந்தார். செக்போஸ்ட்டில் லாரிக் கூட்டம். பதினொருவர் கிளம்பினார்கள், ஆகவே பதினொருவரும் வந்திருப்பார்கள் என்று அவர் டிக் அடித்திருப்பார். சிக்கனத்திற்காகச் செய்த ஏற்பாடு."

"அப்போ நாம தலைகீழா பாத்துட்டோம். அதிகம் குடிச்சவன தேடினோம். கம்மியா குடிச்சவனத் தேடியிருக்கணும்."

"ஆம். குறைந்த பெட்ரோல் திறமையைக் காட்டவில்லை சாராளம்மா. குறைந்த தூரத்தைக் காட்டுகிறது."

"மூணு லிட்டருக்கு..." சாராள் ஸ்டீரிங்கின் மேல் விரல்களால் கணக்குப் போட்டார். "அவரு வண்டி வழக்கமா எவ்ளோ?"

"அதை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். சங்கத்து நோட்டில் இருப்பதை, வேறொரு நாள் வேறொரு காற்று என்று மறுத்துவிடலாம். ஓர் எண்ணை நம்பி ஆய்வாளர் சேகரை விடமாட்டார். பொன்னேரியில் நிறுத்துங்கள். தேசப்பனுக்குத் தொலைபேசியில் பேசவேண்டும்."

கும்மிடிப்பூண்டி இரயில் பாதைக்கு அப்பால், லாரிகளுக்கு வில்பட்டை செய்யும் கொட்டகை ராஜமாணிக்கத்துக்குச் சொந்தமானது. மாலை ஐந்து மணிக்கு அவர்கள் நுழைந்தபோது, அவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். மேசையின் மேல் வெள்ளிமுலாம் பூசிய கோப்பை. கோப்பைக்குள் ரப்பர் முத்திரைகளும் குண்டூசிகளும் கிடந்தன. வெளியே சாம்பல் நிற ஃபியட் நின்றது. அதன் முன்விளக்கு இரண்டில் ஒன்று மட்டும் புத்தம் புதியது.

ஆய்வாளர் தேசப்பன் சீருடை இன்றி வந்து, சுவரோரத்து நாற்காலியில் அமர்ந்தார். "ஆறு மணி வரைக்கும்தான் சார்," என்று வாசலிலேயே வீரராகவனிடம் கூறியிருந்தார். "அதுக்கு மேல நான் பேப்பர ரெடி பண்ணணும். அந்தப் பையன் கேஸு கல்லு மாரி இருக்குது."

"இன்னா சார் வோணும்?" என்றார் ராஜமாணிக்கம் மலர்ச்சியுடன். "மைலேஜ் விசயமா வந்திருக்கீங்களாமே? உங்க லேண்ட்மாஸ்டர பாத்தேன். அதுக்கு மருந்தே கிடையாது, கருமாதிதான்."

"அத நான் தெனமும் சொல்லிக்கினு இருக்கேன்," என்றார் சாராள்.

"நீங்கள் எளாவூருக்குப் போகவில்லை," என்றார் வீரராகவன்.

மலர்ச்சி அப்படியே நின்றது. கண்கள் மட்டும் அதிலிருந்து விலகிச் சென்றன. அவர் மறுத்தார். கோபாலின் நோட்டைக் காட்டச் சொன்னார். வீரராகவன் ரங்காவின் ஒன்பது சிரிப்புகளை ஒவ்வொன்றாக, எவ்வித உணர்ச்சியும் இன்றி, கடைச்சரக்குப் பட்டியல் வாசிப்பவரைப் போல் வாசித்தார். பத்தாவது இடத்தில் நிறுத்தினார்.

ராஜமாணிக்கம் ஆய்வாளரைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். பெருங்குழியில் விழ நேர்ந்தவன் சிறுபள்ளத்தைத் தேடுவது இயல்பு. அவரும் தேடினார், கண்டுகொண்டார்.

"சரி சார். ஒத்துக்கறேன். ஏமாத்திட்டேன். போன மாசம் பதினேழு வாங்குன பையன் ஒருத்தன் என்ன பாத்து நக்கலா சிரிச்சான், மனசு கேக்கல. தச்சூர் கூட்ரோடு தாண்டி ஒரு கிலோமீட்டர்ல சவுக்குத் தோப்பு இருக்குது. உள்ள வுட்டு, துண்ட விரிச்சி தூங்கிட்டேன். டைமுக்கு எழுந்து வந்துட்டேன். தப்புதான். கப்ப எடுத்துக்கினு போங்க. இதுக்குப் போயி போலீஸா?"

அவர் குண்டூசிகளை மேசையில் கொட்டிவிட்டுக் கோப்பையை முன்னால் தள்ளினார். தேசப்பன் எழ முற்பட்டார். பந்தயத்தில் ஏமாற்றுவதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

வீரராகவன் கோப்பையைத் தொடவில்லை.

"சோழவரத்திலிருந்து தச்சூர் ஒன்பது. அங்கிருந்து தோப்பு ஒன்று. போக வர இருபது கிலோமீட்டர். பத்துப் பேர் பார்க்க உங்கள் டேங்க் மூன்று லிட்டர் பிடித்திருக்கிறது. ஆக, உங்கள் ஃபியட் லிட்டருக்கு ஏழுகூடக் கொடுக்காத வண்டி. அவ்வளவுதானே? ஆய்வாளர் அதை எழுதிக்கொள்ளட்டும். சங்கத்து நோட்டிலும் எழுதிவிடலாம்."

ராஜமாணிக்கம் 'ஆம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். பழைய வண்டி, கார்புரேட்டர் கோளாறு, ஏழுதான் ஐயா என்று தலை குனிந்தால் அவர் வீட்டுக்குப் போகலாம். சேகர் நீதிமன்றத்துக்குப் போவான்.

"எங்க மாமா வண்டி அஞ்சு குடுக்கும்," என்று ஆறுதல் கூறினார் சாராள். "ஏழுன்னா பரவால்ல சார். வெட்கப்படாதீங்க."

"ஏழா?" ராஜமாணிக்கம் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. "எவன் சொன்னது ஏழு? என் வண்டியா? நானே கார்புரேட்டர் கழட்டி, நானே ஜெட் சுத்தம் பண்ணி, புள்ள மாரி வெச்சிருக்கேன்! பதினாறுக்கு ஒரு பாயிண்ட் கொறையாது சார்! வேணும்னா இப்பவே டேங்க்க நிரப்பு, ஓட்டிக் காட்டறேன்! அன்னிக்குக்கூட பதினாறுதான்!"

"அன்றைக்கும் பதினாறு?"

"பதினாறு!"

"மூன்று லிட்டருக்கு நாற்பத்தெட்டு," என்றார் வீரராகவன். "போக இருபத்து நாலு, வர இருபத்து நாலு. ஆய்வாளரே, சோழவரம் பங்கிலிருந்து மணவாளன் விழுந்த இடம் எவ்வளவு தூரம்?"

தேசப்பன் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினார். பொன்னேரியிலிருந்து வந்த தொலைபேசி வேண்டுகோளின்படி அவர் ஜீப்பில் அளந்துகொண்டு வந்திருந்தார்.

"இருபத்து நாலுக்கு நூறு அடி கம்மி."

ராஜமாணிக்கம் நின்றவாறே இருந்தார். தாம் சொன்ன எண்ணைத் திரும்ப விழுங்க முடியுமா என்று தேடுவதுபோல் அவருடைய வாய் அசைந்தது.

"இன்னாத்துக்கு சார் அவ்ளோ தூரம் போகணும்?" சாராள் மெல்லக் கேட்டார். இம்முறை அவர் குரலில் கேலி இல்லை. "தோப்புலயே தூங்கியிருக்கலாமே?"

"தூங்கியிருந்தால் ஒன்றேகால் லிட்டர்தான் செலவாகியிருக்கும்," என்றார் வீரராகவன். "அறுபது கிலோமீட்டருக்கு ஒன்றேகால். லிட்டருக்கு நாற்பத்தெட்டு வரும். ஒருவரும் நம்பமாட்டார். நம்பும்படியான எண் வேண்டும் என்றால் மூன்று லிட்டரை எங்கேயாவது எரிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் எரித்தால் சங்கத்தார் காண்பர். ஆகவே யாரும் இல்லாத சாலை. மணவாளன் அந்தச் சாலையில் இருந்தான்."

ராஜமாணிக்கம் அமர்ந்தார். நாற்காலி சாய்ந்து கிடந்ததால், அருகில் கிடந்த வெறும் பெட்டியின் மேல் அமர்ந்தார்.

"மேட்டுல வண்டிய திருப்பினேன் சார்," என்றார். "எறக்கம். பெட்ரோல எரிக்கத்தான் போனேன். ஆனா எறக்கத்த பாத்தா கை தானா போயி சாவிய அணைச்சிடும். பழக்கம். முன்னாடி சைக்கிள்காரரு போய்க்கினு இருந்தாரு. நான் கண்ணாடில பின்னாடி வேற வண்டி வருதான்னு பாத்தேன், ஒரு நிமிசம்கூட இல்ல. அவரு திரும்பியே பாக்கல சார். கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது."

"நின்னு தூக்கியிருந்தா பொழைச்சிருப்பாரா?" தேசப்பன் கேட்டார்.

ராஜமாணிக்கம் மேசையில் கிடந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கோப்பைக்குள் போட்டார். தேசப்பன் அவருடைய தோளைத் தொட்டு எழுப்பினார். வாசலில் வீரராகவனைக் கடக்கையில், "பையன இன்னிக்கே அனுப்பிடறேன்," என்றார். அவர் கண்கள் தரையில் இருந்தன.

ஐஸ் தொழிற்கூடத்தில் மாலை முறை தொடங்கியிருந்தது. பச்சையம்மா காலையில் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். வீரராகவன் சுருக்கமாகக் கூறினார். சேகர் இன்று வீட்டுக்கு வருவான். மோதியவர் ஒப்புக்கொண்டுவிட்டார். அவள் சொன்னது சரி. வண்டியில் சத்தம் இல்லை.

அவள் கைகளைத் தொங்கவிட்டாள். விரல்கள் வெளுத்து, ஊறிய துணிபோல் சுருங்கியிருந்தன.

"எதுக்காக அந்தப் பக்கம் வந்தானாம்?"

வீரராகவன் பொய் சொல்லலாமா என்று எண்ணினார். உண்மையைச் சொல்லும் வழி ஒன்றுதான் இருந்தது. அது மிகவும் சிறியதாக இருந்தது.

"தன் கார் கொஞ்சமாகத்தான் பெட்ரோல் குடிக்கிறது என்று நண்பர்களிடம் காட்டுவதற்காக."

பச்சையம்மா அந்தச் சொற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவை தன் கால்களுக்கு அருகில் ஈரத் தரையில் கிடப்பனபோல்.

"எங்க ஆளு சைக்கிளு ஒண்ணுமே குடிக்காது சார்," என்றாள் பச்சையம்மா.

பிறகு அவள் மண்வாரியை எடுத்து, உருகத் தொடங்கியிருந்த ஐஸை இறாலின் மேல் தள்ளினாள்.